பிடிஎஃப் கோப்பை அனுப்பும் முன் குறிப்புகளைப் பக்கத்தோடு சேர்த்துவிடுவது எப்படி?

பிடிஎஃப் கோப்பில் மஞ்சள் கோடு போட்டு, ஓரத்தில் நாலு வரி எழுதி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் படத்தையும் வைத்து அனுப்புகிறீர்கள். உங்கள் திரையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. வாங்கியவரோ, "கையெழுத்தே இல்லாமல் அனுப்பியிருக்கிறீர்களே" என்கிறார். இன்னொருவர் போனில் திறந்தால் மஞ்சள் நிறம் எழுத்தையே மறைத்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாமவர் அச்செடுத்தால் ஓரக் குறிப்பு ஒன்றுகூடத் தாளில் வரவில்லை. கோப்பு ஒன்றுதான், ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி தெரிகிறது.

கோப்பு கெட்டுப்போகவில்லை. நீங்கள் சேர்த்த குறிப்புகள் இன்னும் பக்கத்தின் பகுதியாக ஆகவில்லை, அவ்வளவுதான். அவற்றைப் பக்கத்தோடு ஒன்றாக்கி நிலைப்படுத்தும் வேலையைத்தான் ஃபிளாட்டன் செய்வது என்கிறார்கள். பழகிவிட்டால் சில நிமிட வேலை. ஆனால் எந்த நேரத்தில் செய்வது, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

உள்ளே என்ன இருக்கிறது

பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. 2008-ல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற பெயரில் பன்னாட்டுத் தரமானது. அந்தத் தரத்தின்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, பக்கத்தின் உள்ளடக்கம்: எழுத்து, படம், கோடு எல்லாம். மற்றொன்று, அந்தப் பக்கத்தோடு இணைந்த குறிப்புகளின் பட்டியல். அச்சான தாளின் மேல் கண்ணாடித் தாள் ஒன்றை விரித்து அதில் எழுதுவதைப் போல, ஹைலைட், அடிக்கோடு, ஸ்டிக்கி நோட், பேனாக் கிறுக்கல், முத்திரை, பக்கத்தின் மேல் தட்டச்சு செய்த எழுத்து எல்லாம் இந்த இரண்டாவது பட்டியலில்தான் போய் உட்காருகின்றன. பலருக்கும் தெரியாத விஷயம், படிவங்களில் நிரப்பும் கட்டங்களும், சொடுக்கினால் வேறு இடத்துக்குக் கூட்டிப்போகும் இணைப்புகளும்கூட இதே பட்டியலைச் சேர்ந்தவை என்பது.

ஒரு குறிப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு மஞ்சள் ஹைலைட் என்றால், அது எந்த வகைக் குறிப்பு, பக்கத்தில் எந்த இடம், என்ன நிறம், யார் போட்டது, எப்போது மாற்றியது, அதோடு ஏதாவது கருத்து எழுதியிருந்தால் அந்த வரிகள் என்று எல்லாம் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். இவற்றோடு, திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கான ஒரு சின்னச் சித்திரமும் பெரும்பாலும் இருக்கும். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சித்திரம் கோப்பில் இல்லாவிட்டால், திறக்கிற செயலி தனக்குத் தெரிந்த மாதிரி வரைந்துகொள்ளும். சில செயலிகள் சித்திரம் இருந்தாலும் கண்டுகொள்ளாது. சில, குறிப்புகளையே காட்டாது. இதுபோக ஒவ்வொரு குறிப்புக்கும் அச்சில் வரலாமா, திரையில் தெரியலாமா என்று செயலிக்குச் சொல்லும் அடையாளங்களும் உண்டு, இவற்றைக் கொடிகள் என்பார்கள். அச்சுக்கொடி போடாத குறிப்பு திரையில் பளிச்சென்று தெரியும், தாளில் வராது.

ஃபிளாட்டன் செய்யும்போது, அந்தச் சித்திரத்தை எடுத்துப் பக்கத்தின் உள்ளடக்கத்துக்குள்ளேயே எழுதிவிட்டு, பட்டியலிலிருந்து குறிப்பை நீக்கிவிடுகிறார்கள். அதன்பின் மஞ்சள் நிறம் பக்கத்தின் ஒரு பகுதி. அதைச் சொடுக்கித் தேர்ந்தெடுக்க முடியாது, இழுத்து நகர்த்த முடியாது, பிடிஎஃப் திறக்கிற எந்தச் செயலியும் அதைக் காட்டாமல் விட முடியாது.

எப்போது செய்யலாம், எப்போது கூடாது

நிரப்பிய விண்ணப்பத்தை ஒப்படைக்கும்போது, திருத்திய விடைத்தாளை மாணவருக்குத் திருப்பி அனுப்பும்போது, கையெழுத்துப் படம் வைத்த கடிதத்தை அனுப்பும்போது, அச்சகத்துக்குக் கோப்பு கொடுக்கும்போது, பல பேர் பல கருவிகளில் திறக்கப்போகிற ஆவணம் என்றால், தயங்காமல் செய்யுங்கள். முக்கியமாகக் கையெழுத்துப் படம். அது குறிப்பாகவே கிடந்தால், வாங்கியவர் இரண்டு சொடுக்கில் அதைத் தூக்கி வேறு ஆவணத்தில் வைத்துவிடலாம். ஃபிளாட்டன் செய்தால் அந்த வேலை கொஞ்சம் கடினமாகும். முற்றிலும் தடுக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கலந்தாலோசனை நடந்துகொண்டிருக்கும் ஆவணத்தில் கை வைக்காதீர்கள். உங்கள் குறிப்புக்கு மற்றவர் பதில் எழுத வேண்டும், ஏற்றுக்கொண்டதாக அடையாளம் போட வேண்டும் என்றால் குறிப்புகள் உயிரோடு இருந்தாக வேண்டும். மற்றவர் நிரப்ப வேண்டிய வெற்றுப் படிவத்தையும் ஃபிளாட்டன் செய்யக்கூடாது. கட்டங்கள் எல்லாம் வெறும் படமாகிவிடும், அவர் எங்கே எழுதுவார்?

இன்னொன்று, டிஜிட்டல் கையொப்பம். கையெழுத்துப் படம் வேறு, சான்றிதழைக் கொண்டு இடும் டிஜிட்டல் கையொப்பம் வேறு. பின்னது, கையொப்பம் இட்ட பிறகு கோப்பு மாறவில்லை என்பதற்கு உத்தரவாதம் தருவது. ஃபிளாட்டன் செய்வதே ஒரு மாற்றம்தான். அதனால் கையொப்பம் செல்லாததாகிவிடும், அல்லது அதன் தோற்றம் மட்டும் வெறும் படமாக நின்று, பின்னால் இருக்கும் உத்தரவாதம் காணாமல் போகும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ஃபிளாட்டன், அப்புறம் டிஜிட்டல் கையொப்பம். மற்றவர் ஏற்கனவே டிஜிட்டல் கையொப்பமிட்டு அனுப்பிய கோப்பு என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன்

முதல் படி, நகல் எடுப்பது. ஃபிளாட்டன் செய்து சேமித்து மூடிய கோப்பில் குறிப்புகளைத் திரும்பப் பிரித்தெடுக்க வழியில்லை. மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, நகலுக்குப் பெயரிலேயே வித்தியாசம் தெரியும்படி வையுங்கள். "ஒப்பந்தம்-குறிப்புடன்", "ஒப்பந்தம்-அனுப்ப" என்ற அளவுக்கு எளிமையாக இருந்தால் போதும். இரண்டையும் வேறு வேறு கோப்புறையில் வைப்பது இன்னும் நல்லது. அவசரத்தில் தவறான கோப்பை இணைத்துவிடும் வாய்ப்பு குறையும்.

இரண்டாவது, குறிப்புப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் பார்ப்பது. ஏறக்குறைய எல்லாச் செயலிகளிலும் குறிப்புகளை வரிசையாகக் காட்டும் பக்கப் பலகை ஒன்று உண்டு. அதைத் திறந்து மேலிருந்து கீழே வாருங்கள். "இதை மறுபடி பார்க்கணும்", "இவர் சொல்வது சரியா?" என்று உங்களுக்காக எழுதிக்கொண்டவை அதில் இருக்கும். அனுப்பக்கூடாதவற்றை இப்போதே நீக்குங்கள்.

மூன்றாவது படியில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்: ஸ்டிக்கி நோட். பக்கத்தில் தெரிவது ஒரு சின்ன மஞ்சள் அடையாளம் மட்டும். நீங்கள் எழுதிய வரிகள், அதைச் சொடுக்கினால் விரியும் பெட்டிக்குள் இருக்கின்றன. ஃபிளாட்டன் செய்யும்போது பக்கத்தில் பதிவது அந்த அடையாளம் மட்டும்தான், வரிகள் போய்விடும். ஹைலைட்டோடு சேர்த்து எழுதிய கருத்துகளுக்கும் இதே கதிதான். வாங்கியவர் அந்த அடையாளத்தைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்ப்பார், ஒன்றும் வராது.

அந்த வரிகள் வாங்குபவருக்கு வேண்டுமென்றால் இரண்டு வழி. குறிப்புகள் குறைவாக இருந்தால், ஸ்டிக்கி நோட்டில் இருப்பதை நகலெடுத்து, பக்கத்தின் மேலேயே தட்டச்சு செய்யும் எழுத்துப்பெட்டியில் ஒட்டிவிடுங்கள். அது தெரிகிற மாதிரியே பதியும். குறிப்புகள் நிறைய இருந்தால் சுருக்கத் தொகுப்பு எடுங்கள். அடோபியின் இலவசப் பிடிஎஃப் செயலியான அக்ரோபேட் ரீடரின் அச்சுப் பெட்டியிலேயே "சம்மரைஸ் கமெண்ட்ஸ்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது எல்லாக் கருத்துகளையும் பக்க எண்ணோடு தனிப் பக்கங்களாகத் தொகுத்துக் கொடுக்கும். அதைத் தனிக் கோப்பாகச் சேர்த்து அனுப்பலாம்.

அச்சு வழி

தனியாக எதையும் நிறுவ வேண்டாம் என்பவர்களுக்கு இதுதான் முதல் வழி. கோப்பை அச்சுப்பொறிக்கு அனுப்புவதற்குப் பதில், இன்னொரு பிடிஎஃப் கோப்பாகவே அச்சடித்துக்கொள்வது. தாளில் அச்சடித்தால் குறிப்புகள் தனியாக நிற்க முடியாதல்லவா? அதே மாதிரி இங்கேயும் எல்லாம் ஒன்றாகப் பதிந்துவிடும்.

விண்டோஸ் 10-லும் அதற்குப் பின் வந்ததிலும் "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" என்ற அச்சுப்பொறி தயாராகவே இருக்கிறது. அக்ரோபேட் ரீடரில் கோப்பைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு பி விசையை அழுத்துங்கள். அச்சுப்பொறிப் பட்டியலில் இதைத் தேர்ந்தெடுங்கள். உடனே அச்சிடு பொத்தானை அழுத்திவிடாமல், அதே பெட்டியில் "கமெண்ட்ஸ் அண்ட் ஃபார்ம்ஸ்" என்ற பகுதியைப் பாருங்கள். அதில் "டாக்குமெண்ட் அண்ட் மார்க்அப்ஸ்" என்று இருக்க வேண்டும். வெறும் "டாக்குமெண்ட்" என்று இருந்தால் உங்கள் ஹைலைட், பேனா எழுத்து எதுவும் புதிய கோப்பில் வராது. "டாக்குமெண்ட் அண்ட் ஸ்டாம்ப்ஸ்" என்று இருந்தால் முத்திரைகள் மட்டும் வரும். "குறிப்பெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்பவர்களில் பலருக்கு இந்த ஒரு பெட்டிதான் காரணம்.

அடுத்து, பக்க அளவு. அதே பெட்டியில் "ஆக்சுவல் சைஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "ஃபிட்" என்று இருந்தால் பக்கம் கொஞ்சம் சுருங்கிப் பதியும். படிப்பதற்கு அது பெரிய குறை இல்லை. ஆனால் அளவு மாறக்கூடாத வரைபடமோ, கட்டத்துக்குள் பொருந்த வேண்டிய படிவமோ என்றால் சிக்கல். தாள் அளவையும் மூலக் கோப்பின் பக்க அளவுக்குப் பொருத்தமாக வையுங்கள். அப்புறம் அச்சிடு பொத்தானை அழுத்தினால், எங்கே சேமிக்க வேண்டும் என்று கேட்கும். புதுப் பெயர் கொடுங்கள்.

மேக் கணினியில் பிரிவ்யூ செயலியில் திறந்து, அச்சுப் பெட்டியில் உள்ள பிடிஎஃப் பட்டியலிலிருந்து "சேவ் அஸ் பிடிஎஃப்" கொடுத்தால் போதும். குரோம், எட்ஜ் போன்ற உலாவிகளில் திறந்தும் இதைச் செய்யலாம்: அச்சிடச் சொல்லி, இலக்காக "சேவ் அஸ் பிடிஎஃப்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிரப்பிய படிவங்களுக்கு உலாவி வழி பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஐபோனில் பகிர்வுப் பட்டியலில் அச்சிடச் சொல்லி, முன்தோற்றப் பக்கத்தை இரண்டு விரலால் விரித்தால் அது பிடிஎஃப் கோப்பாகத் திறக்கும். அங்கிருந்து பகிரலாம். ஆண்ட்ராய்டில் அச்சுப் பட்டியலிலேயே பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் வழி இருக்கிறது.

அச்சு வழிக்கு ஒரு விலை உண்டு. இணைப்புகள் செத்துவிடும். புத்தகக்குறிகள், அதாவது பக்கவாட்டில் தெரியும் அத்தியாயப் பட்டியல், போய்விடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்புச் செயலிகளுக்கு உதவும் அமைப்புக் குறிகளும் பெரும்பாலும் தங்காது. இரண்டு பக்கக் கடிதத்துக்கு இது ஒன்றும் இல்லை. இருநூறு பக்க அறிக்கை என்றால் நான் அச்சு வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். பொருளடக்கத்தில் சொடுக்கிப் போக முடியாத பெரிய அறிக்கையை யாரும் மகிழ்ச்சியோடு படிப்பதில்லை.

ஃபிளாட்டன் வசதியே உள்ள செயலிகள்

அக்ரோபேட்டின் கட்டணப் பதிப்பான அக்ரோபேட் புரோ வைத்திருப்பவர்கள் "பிரீஃபிளைட்" கருவியைத் திறந்து, அதன் தேடல் பெட்டியில் ஃபிளாட்டன் என்று தட்டினால், குறிப்புகளையும் படிவக் கட்டங்களையும் பக்கத்தோடு சேர்க்கும் திருத்தம் ஒன்று கிடைக்கும். அதை ஓடவிட்டுப் புதுப் பெயரில் சேமியுங்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். அதே அக்ரோபேட்டில் "ஃபிளாட்டனர் பிரிவ்யூ" என்று இன்னொன்று இருக்கிறது. பெயர் ஒத்திருக்கிறதே என்று அதற்குள் போகாதீர்கள். அது அச்சகத்துக்குப் போகும் கோப்புகளில் ஒளிபுகும் நிறங்களைக் கையாளுவதற்கானது.

பிடிஎஃப் எக்ஸ்சேஞ்ச் எடிட்டர் போன்ற செயலிகளில் குறிப்புகளுக்கான பட்டியலிலேயே ஃபிளாட்டன் கட்டளை இருக்கும். தேர்ந்தெடுத்த சில குறிப்புகளை மட்டும் பதிக்கலாம் என்பது இதில் வசதி. முத்திரையையும் கையெழுத்தையும் பதித்துவிட்டு, பேச்சு நடந்துகொண்டிருக்கும் குறிப்புகளை அப்படியே விட்டுவைக்கலாம்.

டேப்லெட்டில் பேனாவால் எழுதுகிறவர்களுக்கு வேலை இன்னும் எளிது. குட்நோட்ஸ் செயலியில் ஏற்றுமதி செய்யும்போது "ஃபிளாட்டண்ட்", "எடிட்டபிள்" என்று இரண்டு வடிவங்களில் எது வேண்டும் என்று கேட்கும். பிடிஎஃப் எக்ஸ்பர்ட், க்ஸோடோ செயலிகளில் பகிரும்போதோ நகல் சேமிக்கும்போதோ ஃபிளாட்டன் செய்த நகல் என்ற தேர்வு உண்டு. கைபேசியில் விரலால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர்கள் இந்த ஒரு தேர்வைப் பழகிக்கொண்டால் பாதிப் புகார்கள் குறைந்துவிடும்.

இணையத்தில் கோப்பை ஏற்றினால் ஃபிளாட்டன் செய்து தரும் தளங்களும் நிறைய இருக்கின்றன. பொது அறிவிப்பு, பாடக்குறிப்பு மாதிரியானவற்றுக்குப் பயன்படுத்தலாம். அடையாள அட்டை எண், வங்கி விவரம், மருத்துவ அறிக்கை, கையெழுத்து உள்ள எதையும் அங்கே ஏற்றாதீர்கள். உங்கள் கணினியிலேயே முடிகிற வேலைக்காக அந்த விவரங்களை முகம் தெரியாத ஒரு கணினியில் கொண்டுபோய் வைக்கத் தேவையே இல்லை.

நிறையக் கோப்புகள் இருந்தால்

ஒரு வகுப்பின் விடைத்தாள்கள் முழுவதையும் பதிக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து அச்சடித்துக்கொண்டிருக்க முடியாது. கட்டளை வரியில், அதாவது பொத்தான்களுக்குப் பதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து, வேலை செய்யப் பயப்படாதவர்களுக்கு கியூபிடிஎஃப் நல்ல கருவி, இலவசமும்கூட. அதன் "ஃபிளாட்டன் அனோட்டேஷன்ஸ்" தேர்வுக்கு "ஆல்", "பிரிண்ட்", "ஸ்கிரீன்" என்று மூன்று மதிப்புகள் கொடுக்கலாம். முதலாவது, மறைத்து வைத்தவை நீங்கலாக எல்லாவற்றையும் பதிக்கும். இரண்டாவது, அச்சில் வர வேண்டியவற்றை மட்டும். மூன்றாவது, திரையில் தெரிய வேண்டியவற்றை மட்டும். எழுத்துகளையும் புத்தகக்குறிகளையும் தொடாமல் குறிப்புகளை மட்டும் கையாளுவதால், பெரிய ஆவணங்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மற்றக் கருவிகளில் கவனிக்க வேண்டியவை சில. பிடிஎஃப்டிகே கருவியின் ஃபிளாட்டன் தேர்வு படிவக் கட்டங்களை மட்டுமே பதிக்கும், ஹைலைட்டும் ஸ்டிக்கி நோட்டும் அப்படியே கிடக்கும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் இயல்பாகக் குறிப்புகளைக் குறிப்புகளாகவே வைத்திருக்கும், அந்த அமைப்பை அணைத்தால்தான் பக்கத்தில் வரையும். லினக்ஸில் பாப்ளர் தொகுப்போடு வரும் பிடிஎஃப்-டு-கெய்ரோ கருவி, பிடிஎஃப்பிலிருந்து பிடிஎஃப்புக்கு மாற்றும்போதே குறிப்புகளைப் பதித்துவிடும். எந்தக் கருவியானாலும் ஒரே ஒரு கோப்பில் முயன்று, திறந்து பார்த்து, திருப்தியான பிறகு மொத்தத்தையும் ஓடவிடுங்கள்.

தமிழில் எழுதிய குறிப்புகள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிவக் கட்டத்திலோ எழுத்துப்பெட்டியிலோ தமிழில் தட்டச்சு செய்யும்போது, சில செயலிகள் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாமல் திணறும். "கொ" என்று அடித்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். புள்ளி எழுத்தின் தலைக்கு மேல் உட்காராமல் தள்ளிப்போகும். தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள்தான் தெரியும்.

ஃபிளாட்டன் இதற்கு மருந்தாகவும் இருக்கும், வினையாகவும் முடியும். உங்கள் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரியும் செயலியிலேயே பதித்துவிட்டால், எழுத்தின் வடிவமும் சேர்ந்து பதிந்துவிடும். வாங்குபவரிடம் தமிழ் எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் பதிக்கும் கருவி, ஏற்கனவே இருக்கும் சித்திரத்தை விட்டுவிட்டுத் தானே புதிதாக வரையத் தொடங்கினால் தமிழ் சிதைந்துபோகும். கியூபிடிஎஃப்பில் படிவக் கட்டங்களுக்குத் தோற்றத்தை உருவாக்கச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கிறது. அது எளிய லத்தீன் எழுத்துகளுக்கு ஏற்றது, தமிழுக்கு உதவாது. ஆகவே தமிழில் நிரப்பிய படிவம் என்றால், எந்தச் செயலியில் நிரப்பினீர்களோ அதிலிருந்தே அச்சு வழியில் பதிப்பதுதான் பாதுகாப்பு. பதித்த பிறகு பெயர், முகவரி வரிகளைப் பெரிதாக்கி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பார்க்கச் சரியாக இருந்தாலும், அந்த வரிகள் தேடலில் அகப்படாமல் போகலாம், நகலெடுத்தால் குளறுபடியாக வரலாம். வாங்குபவர் அதிலிருந்து விவரங்களை நகலெடுப்பார் என்றால், அவற்றை மின்னஞ்சலிலும் தட்டச்சு செய்து அனுப்பிவிடுங்கள்.

கறுப்புப் பெட்டி மறைக்காது

கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மறக்காதீர்கள். ஒரு வரியை மறைப்பதற்காக அதன் மேல் கறுப்புப் பெட்டி வரைந்து, ஃபிளாட்டன் செய்துவிட்டால் அந்த வரி அழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அழியவில்லை. பெட்டி பக்கத்தோடு பதிந்துவிட்டது, அடியில் எழுத்தும் அப்படியே இருக்கிறது. பெட்டியின் மேல் சுட்டியை இழுத்துத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறு இடத்தில் ஒட்டினால் எழுத்து வந்துவிடும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட் தரப்பு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் இதுதான் நடந்தது. கறுப்பாக்கிய பகுதிகளைச் செய்தியாளர்கள் நகலெடுத்து ஒட்டியே படித்துவிட்டார்கள்.

மறைக்க வேண்டியதை அழிக்கத் தனிக் கருவி வேண்டும். அக்ரோபேட் புரோவில் அதன் பெயர் "ரெடாக்ட்". அதிலும் இரண்டு கட்டம் உண்டு: முதலில் அழிக்க வேண்டிய இடங்களைக் குறிப்பது, பிறகு "அப்ளை" கொடுத்து உண்மையில் அழிப்பது. குறித்ததோடு நிறுத்திவிட்டால் எதுவும் அழியாது, ஏனென்றால் அந்தக் குறிகளும் அதுவரை வெறும் குறிப்புகள்தான். லிப்ரே ஆபீஸிலும் 6.3 பதிப்பிலிருந்து இதற்கான வசதி உண்டு. அது பக்கங்களைப் படமாக்கித் தருவதால் அடியில் எழுத்து தங்காது.

இதோடு சேர்ந்த இன்னொரு சங்கதி. பிடிஎஃப் செயலிகள் பல, சேமிக்கும்போது கோப்பை முழுதாகத் திரும்ப எழுதாமல், மாற்றங்களை மட்டும் கோப்பின் கடைசியில் சேர்த்துவைக்கும். நீங்கள் நீக்கிய குறிப்பு திரையில் இல்லாவிட்டாலும், கோப்பின் பழைய பகுதியில் அதன் வரிகள் கிடக்கலாம், தோண்டத் தெரிந்தவர் எடுத்துவிடலாம். அதனால் சும்மா "சேவ்" கொடுக்காமல் "சேவ் அஸ்" கொடுத்துப் புதுக் கோப்பாக எழுதுங்கள். அச்சு வழியில் வந்த கோப்பு புதிதாகவே எழுதப்படுவதால் அங்கே இந்தக் கவலை இல்லை. ஆவணப் பண்புகளில் உள்ள ஆசிரியர் பெயர், தலைப்பு ஆகியவையும் ஃபிளாட்டனால் போகாது. வேண்டாம் என்றால் தனியாக அழிக்க வேண்டும்.

எல்லாப் பக்கங்களையும் படமாக மாற்றி, படங்களைச் சேர்த்து பிடிஎஃப் ஆக்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். குறிப்புகள் நிச்சயமாகப் பதியும், சரிதான். ஆனால் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, திரைவாசிப்புச் செயலிக்கு அது வெற்றுப் பக்கம், கோப்பும் பெரும்பாலும் பெருத்துவிடும். வேறு எந்த வழியும் சரிவரவில்லை என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அனுப்பும் முன் சரிபார்ப்பு

பதித்த கோப்பை, பதித்த செயலியிலேயே திறந்து பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. வேறொன்றில் திறங்கள். அக்ரோபேட்டில் செய்திருந்தால் உலாவியில், கணினியில் செய்திருந்தால் கைபேசியில். ஏதாவது ஒரு ஹைலைட்டைச் சொடுக்குங்கள். அதைச் சுற்றி எல்லைக்கோடு வந்தாலோ, அழிக்கவா என்று பட்டியல் விரிந்தாலோ அது இன்னும் குறிப்பாகத்தான் இருக்கிறது. குறிப்புப் பலகையைத் திறந்தால் காலியாக இருக்க வேண்டும்.

மஞ்சள் நிறத்துக்கு அடியில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஹைலைட் நிறம் எழுத்தோடு கலந்து தெரிய வேண்டும். பதித்த கருவி அந்தக் கலவையைக் கைவிட்டிருந்தால் மஞ்சள் பட்டை எழுத்தை மூடியிருக்கும். அப்படி ஆனால் வேறு வழியில் பதியுங்கள், அல்லது மூலக் கோப்பில் ஹைலைட்டுக்குப் பதில் அடிக்கோடு போட்டுவிட்டுப் பதியுங்கள்.

அப்புறம் ஆவணத்தில் ஏதாவது ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். தேடலில் கிடைத்தால் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. கிடைக்காவிட்டால், அச்சு வழியில் எங்கோ பக்கம் படமாகிவிட்டது. அக்ரோபேட் ரீடரில் அச்சுப் பெட்டியின் "அட்வான்ஸ்ட்" பகுதியில் "பிரிண்ட் அஸ் இமேஜ்" என்ற குறி போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். கடைசியாகப் பக்கங்களின் எண்ணிக்கை, நீளவாக்கில் இருந்த பக்கங்கள் அகலவாக்கில் திரும்பிவிட்டனவா என்பதையும் மேலோட்டமாகப் பார்த்துவிடுங்கள்.

அனுப்பிய பிறகு திருத்தம் கேட்டு வந்தால், அனுப்பிய கோப்பின் மேலேயே எழுத்துப்பெட்டி வைத்து ஒப்பேற்றாதீர்கள். மூலக் கோப்பைத் திறந்து, அங்கே குறிப்பை மாற்றி, மறுபடி பதித்து, பெயரின் கடைசியில் 2 என்று போட்டு அனுப்புங்கள்.